இரண்டு பருவமழைகளுக்கு நடுவே நிற்பவர்கள்: தமிழ்நாடு, கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கும் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கும்,

வணக்கம்.

உங்கள் இருவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்கப்போவதை ஒரு மாநிலம் மட்டும் செய்து முடிக்க இயலாது. இரு ஆணையங்களும் ஒரே மேசையில் அமர்ந்து கையெழுத்திட வேண்டிய காரியம் இது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பேரிடர்க் களங்களில் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்குள் கடந்த சில ஆண்டுகளில் ஓர் ஆழ்ந்த நட்பு வளர்ந்திருக்கிறது. மண்சரிவு என்று செய்தி வருவதற்கு முன்பே எங்களுக்குத் தொலைபேசி வந்துவிடுகிறது. எந்த ஊரில் யாரிடம் கயிறு இருக்கிறது, யாரிடம் மரம் அறுக்கும் இயந்திரம் இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும், யார் இரத்தத்தைக் கண்டால் தளர்ந்துவிடுவார் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். இந்தப் பழக்கத்துக்கு உங்கள் நடைமுறைகளில் ஓர் இடம் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை. மற்றவையெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருமழைகள் தென்மேற்குப் பருவத்தில் வந்தவை. 2018 ஆகஸ்ட் வெள்ளம், 2019 ஆகஸ்ட் 8 அன்று புத்துமலையிலும் கவளப்பாறையிலும் சரிந்த மலைகள், 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடி, 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும். தமிழ்நாட்டுக்கோ ஆபத்துக்காலம் வடகிழக்குப் பருவம். 2015 டிசம்பரில் சென்னை, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழை. ஒரு மாநிலத்துத் தன்னார்வலர்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் அடுத்த மாநிலத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. இவ்வளவு பொருத்தமான அண்டைவீட்டார் இந்தியாவில் வேறெங்கும் இருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. இயற்கையே முறைவைத்துக் கொடுத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நாம் இன்னும் எழுத்தில் கொண்டுவரவில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரு மாவட்டங்களின் மீனவர்களையும் ஒருசேர அடித்தது. அப்போது விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் புறப்பட்டார்கள். கடலில் மிதந்தவர் தமிழ்நாட்டுத் தூத்தூரா கேரளத்துப் பூந்துறையா என்று எவரும் பார்க்கவில்லை. 2019 ஆகஸ்டில் புத்துமலை சரிந்த அதே நாட்களில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. மழை பெய்தது. ஒரே மேகக்கூட்டம், இரண்டு மாநிலங்கள்.

நான் கூடலூர்க்காரன். தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் பேசப்படும் ஊர். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் ஊர். நாடுகாணி வழியே இறங்கினால் நிலம்பூர், சேரம்பாடி வழியே போனால் வயநாடு. அதனால் எங்களுக்கு எல்லை என்பது ஒரு சோதனைச்சாவடி மட்டுமே. ஆனால் இந்த நட்பு எல்லையோர ஊர்களோடு நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதை நான் நேரில் கண்டது மலையிலிருந்து வெகுதூரத்தில், காவிரிப் படுகையில்.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த சில நாட்களில், தார்ப்பாய், மெழுகுவத்தி, அரிசி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு நாங்கள் பேராவூரணிப் பக்கம் போனோம். தென்னந்தோப்புகள் கிடந்த கிடப்பைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது மின்கம்பங்களைப் பற்றி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் புயலில் சாய்ந்திருந்தன. மின்சாரம் இல்லையென்றால் போர்வெல் இல்லை, தண்ணீர் இல்லை. அப்போது வெளிமாநிலங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். கேரள மின்வாரியத்தின் லைன்மேன்களும் அவர்களில் இருந்தார்கள். வயல்களில் முழங்கால் சேறு, வண்டி எதுவும் உள்ளே போகாது. உள்ளூர் இளைஞர்கள் கம்பத்தைத் தோளில் சுமந்து வரப்பில் நடப்பார்கள், கேரளத்தவர்கள் குழிக்குள் இறங்கி நிறுத்துவார்கள். “சேட்டா” என்று ஒரு குரலும் “அண்ணா” என்று ஒரு குரலும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்த வீட்டுக் கூரை பறந்துபோன பெண்கள் அடுப்பு மூட்டிப் புளிச்சோறு கிளறிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரிசிதான் வேண்டும் என்று எங்களிடம் கேட்டவர்களே அந்தச் சோற்றையும் பொங்கினார்கள் என்பதை நான் மறக்கமாட்டேன்.

அந்த லைன்மேன்களில் குட்டநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஆகஸ்ட் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே சேறு நிறைந்திருந்ததாம். மூன்று மாதம்தான் கடந்திருந்தது, சுவரில் ஈரம் காயவில்லை, இங்கே வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “என் வீட்டுச் சேற்றை அள்ளியவர்கள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் போவேன்” என்றார். அவர்களை வழியனுப்பியபோது அந்தக் கிராமத்தில் பெரியவர்கள் சிலர் அழுதார்கள். அவருடைய எண் இன்றும் என்னிடம் இருக்கிறது, பண்டிகைகளுக்குப் பேசிக்கொள்கிறோம்.

நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 2018 ஆகஸ்டில், முல்லைப்பெரியாறு அணையிலிருந்து திடீரெனத் தண்ணீர் திறந்துவிட்டதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது, தமிழ்நாடு அரசு அதை மறுத்தது. வழக்கு நடந்த அதே நாட்களில்தான் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து அரிசியும் மருந்தும் ஏற்றிய லாரிகள் வாளையாறு வழியாகவும் குமுளி வழியாகவும் போய்க்கொண்டிருந்தன. அணை வழக்கைத் தீர்க்கும் வலிமை எங்களுக்கு இல்லை. ஆனால் வழக்கு எந்தப் பக்கம் போனாலும் எங்கள் லாரி நிற்காது என்பதை நாங்கள் காட்டியிருக்கிறோம்.

இனி வயநாடு. முண்டக்கை சரிந்த காலையில் எங்களுக்கு முதல் அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் வரவில்லை. மலப்புறம் மாவட்டத்தில் நிலம்பூரை அடுத்த போத்துக்கல்லைச் சேர்ந்த ஒரு நண்பர் அழைத்தார். கவளப்பாறை அவருடைய பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 2019-இல் அங்கே மண்ணைத் தோண்டிய நாட்களில் பழக்கமானவர். சாலியாற்றில் உடல்கள் மிதந்து வருகின்றன, மேலே என்ன நடந்தது என்று தெரியவில்லை, நீங்கள் மேப்பாடிக்குப் போங்கள், நாங்கள் ஆற்றைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வேலைப் பங்கீடு ஒரே நிமிடத்தில் முடிந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஊராரை மண்ணிலிருந்து எடுத்தவர்கள், இம்முறை அடுத்த மாவட்டத்தாரின் உடல்களை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். சேரம்பாடி, சோலாடி, வடுவன்சால் வழியாக நாங்கள் மேப்பாடி சேர்ந்தோம்.

அங்கே பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, மருந்துப் பெட்டியோடு கம்பியில் தொங்கி ஆற்றைக் கடந்து காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததை நாடே அறியும். தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு சுதந்திர நாளில் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் 190 அடி நீளத் தற்காலிகப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தார்கள். இவையெல்லாம் பதிவாகிவிட்டன. பதிவாகாத வேலை ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

சூரல்மலைக்குள் ஏற்கெனவே ஆட்கள் மிகுதியாக இருந்தார்கள். இன்னும் பத்துப் பேர் போனால் இடைஞ்சல்தான். அதை எங்களுக்குச் சொன்னவர்கள் மலப்புறத்து நண்பர்கள். “உங்களால் மட்டும் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது” என்று எங்களைச் சுகாதார மையத்துக்கு அனுப்பினார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களின் உறவினர்கள் பல ஊர்களிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். மலையாளத்தில் இருந்த படிவங்களை அவர்களால் படிக்க முடியவில்லை. மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும், காணாமல்போனவரின் அடையாளங்களைச் சொல்ல வேண்டும், உடலின் ஒரு பகுதி மட்டுமே கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தாய்மொழியில் கேட்பதற்கே ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! மண்வெட்டி பிடிக்கப் போன எங்கள் பிள்ளைகள் அந்த வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார்கள். மலப்புறத்தாரின் யோசனையும் கூடலூர்க்காரர்களின் மொழியும் சேர்ந்ததால் நடந்த வேலை அது. முன்பின் தெரியாதவர்கள் இப்படி ஒருவர் சொல்லை மற்றவர் உடனே ஏற்கமாட்டார்கள். “உள்ளே போகாதீர்கள்” என்று புதியவர் ஒருவர் சொல்லியிருந்தால், எங்களைத் தடுக்க அவர் யார் என்றுதான் எங்கள் பையன்கள் கேட்டிருப்பார்கள்.

மேப்பாடியில் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர்கள் இருந்தார்கள், முஸ்லிம் இளைஞர் லீக்கின் ஒயிட் கார்டு தன்னார்வப் படை இருந்தது, ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சேவாபாரதியினர் இருந்தார்கள். தேர்தல் காலத்தில் ஒருவரையொருவர் எப்படிப் பேசுவார்கள் என்பது கேரளத்தாருக்குத் தெரியும். அங்கே ஒரே ஸ்ட்ரெச்சரை அவர்கள் சேர்ந்து தூக்கியதை நான் பார்த்தேன். புத்துமலையில் பெயர் தெரியாத உடல்களைப் புதைத்தபோது பல மதத்தவரும் தத்தம் முறையில் பிரார்த்தனை செய்தார்கள். கல்லில் பெயருக்குப் பதிலாக எண் பொறிக்கப்பட்டது.

பெட்டிமுடியை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே மடிந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். கொரோனாக் காலம் வேறு. உறவினர்களே எல்லை கடந்துவர அனுமதிச்சீட்டுக்குக் காத்திருந்தார்கள். மேப்பாடியில் நாங்கள் செய்த அந்தச் சிறு வேலையைச் செய்ய ஆட்கள் அப்போதும் தயாராகத்தான் இருந்தார்கள். அவர்களை அழைக்கும் வழி எந்த அலுவலகத்திலும் இருக்கவில்லை.

உங்கள் தரப்பு அச்சங்களை நான் அறிவேன், மதிக்கவும் செய்கிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் வாகனங்கள் ஆம்புலன்ஸை மறிக்கின்றன. வெள்ளச் சேதத்தைக் காட்டிப் பணம் வசூலிக்கும் போலிகள் கிளம்புகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் குவிந்து மட்கியதை அந்த மக்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்கள். ஆனால் அதே நாகப்பட்டினத்தில்தான் இதற்கான மருந்தும் கிடைத்தது. 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த மாவட்டத்தில், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையில் பணியாற்றிய சிநேகா அமைப்பும் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எங்கிருந்து எந்தத் தொண்டு நிறுவனம் வந்தாலும் அங்கே பதிவு செய்து, எந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொண்டு போகலாம். மலையாளிகளும் தமிழர்களும் சேர்ந்து நடத்திய அந்த மையத்தை அரசு விரட்டவில்லை, இடம் கொடுத்தது. ஆகவே உங்களுக்கு முன்மாதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வெளியிலும் இருக்கிறது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கம் ஜப்பானின் கோபே நகரை அழித்தபோது நாடெங்கிலுமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அங்கே திரண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஜப்பான் கற்றுக்கொண்டது ஏராளம். இன்று அங்கே ஒரு தன்னார்வலர் வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே தன் ஊர்ச் சமூகநல மன்றத்தில் சிறு தொகை கட்டிக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். பெரும் பேரிடர்களில் அவர்களின் வாகனங்களுக்குச் சுங்கக்கட்டண விலக்கும் தருகிறார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது கன்சாய் வட்டார மாகாணங்கள் தங்களுக்குள் பொறுப்பைப் பிரித்துக்கொண்டன. ஹியோகோ, தொகுஷிமா, தொத்தோரி மூன்றும் மியாகிக்கு, ஒசாகாவும் வகாயாமாவும் இவாத்தேக்கு, கியோத்தோவும் ஷிகாவும் ஃபுகுஷிமாவுக்கு என்று. எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஓடுவதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். உதவி பெற்ற ஊருக்கும் யாரிடம் கேட்பது என்று தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

இதை நாமும் செய்யலாம். நீலகிரிக்கு வயநாடும் மலப்புறமும், கோவைக்குப் பாலக்காடு, தேனிக்கு இடுக்கி, தென்காசிக்குக் கொல்லம், கன்னியாகுமரிக்குத் திருவனந்தபுரம் என்று இணை மாவட்டங்களை அறிவியுங்கள். கடலோர டெல்டா மாவட்டங்களுக்குக் கேரளத்தோடு எல்லை இல்லை. ஆனால் 2018 வெள்ளத்தில் லாரிகளில் படகேற்றிச் செங்கன்னூருக்கும் ஆரன்முளைக்கும் சாலக்குடிக்கும் போய்ப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய கேரள மீனவர்களைவிட நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் பொருத்தமான துணை வேறு யார்? அந்தப் படகுக்காரர்களும் நாகை மீனவர்களும் ஒருமுறை சந்தித்துப் பேசினாலே போதும், வெள்ளத்தில் சுவர்களுக்கு இடையே படகு ஓட்டுவதைப் பற்றி எந்தப் பயிற்சி ஏட்டிலும் இல்லாத செய்திகள் கைமாறும்.

இரு மாநிலங்களிலும் ஆட்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஆப்த மித்ரா எனப்படும் பேரிடர்க்கால நண்பர்கள் திட்டத்தில் பயிற்சியும் உபகரணப் பையும் காப்பீடும் உண்டு. தமிழ்நாட்டில் கிராமங்கள்தோறும் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் 2020-இல் தொடங்கிய சாமூகிக சன்னத்த சேனா என்னும் தன்னார்வப் படையும் தீயணைப்புத் துறையின் கீழ் இயங்கும் சிவில் டிஃபென்ஸும் உள்ளன. குறை என்னவென்றால், இந்த இரு பட்டியல்களும் எல்லையில் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரு மழைக்காலத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் மண் தோண்டும் ஹிட்டாச்சி இயந்திரத்தை ஏற்றிய வண்டியை ஒரு சோதனைச்சாவடியில் இரவு முழுக்க நிறுத்திவைத்தார்கள். மறுமாநில அனுமதி இல்லை என்பது காரணம். மறுபுறம் மண்ணுக்கடியில் ஆள் இருப்பதாகச் சொல்லி எங்களை அழைத்தவர்கள் விடியும்வரை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு இரு இளைஞர்கள் கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது. சாவடியில் இருந்த அதிகாரி கெட்டவர் அல்லர். அனுமதிக்கும்படி அவருக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரு ஆணையங்களும் ஏற்கும் ஓர் அடையாள அட்டை இருந்திருந்தால் அந்த இரவு வீணாகியிருக்காது. நேரம்தான் உயிர் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பீட்டிலும் ஒரு தெளிவு தேவை. கூடலூர்ப் பையன் ஒருவன் வயநாட்டில் பாறை உருண்டு கால் முறிந்து கிடந்தால் மருத்துவச் செலவு யாருடையது? கொல்லத்து மீனவர் ஒருவரின் படகு எஞ்சின் தூத்துக்குடி வெள்ளத்தில் போனால் யாரிடம் கேட்பார்? கிளம்பும்போது எவரும் இதை நினைப்பதில்லை. வீட்டில் இருக்கும் அம்மா நினைக்கிறாள்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாலியாற்றில் உடல்களையும் உடற்கூறுகளையும் எடுத்த இளைஞர்களில் பலர் இருபது வயதைக்கூடச் சரியாகத் தாண்டாதவர்கள். திரும்பி வந்தபின் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டாருக்குப் புரிவதில்லை. அந்தச் சமயத்தில் அவர்கள் பேசிக்கொண்டது தங்களோடு ஸ்ட்ரெச்சர் தூக்கிய மறுமாநிலத்து நண்பனிடம்தான். நள்ளிரவில் கூடலூரிலிருந்து போத்துக்கல்லுக்கும், போத்துக்கல்லிலிருந்து கூடலூருக்கும் அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உளவியல் ஆலோசகர்களை அனுப்பினீர்கள், நன்றி. அடுத்த முறை மீட்டவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசாமல், சேர்ந்து வேலை செய்த குழுவாகவே உட்காரவையுங்கள். எவர் எதைப் பார்த்தார் என்பது அவர்களுக்குள் தெரியும், முதலிலிருந்து விளக்க வேண்டியிராது.

அரசு தலையிட்டால் இந்த நட்பின் இயல்பு கெட்டுவிடும் என்று எங்களிலேயே சிலர் அஞ்சுகிறார்கள். பதிவு, படிவம், அனுமதி என்று போனால் முன்போல ஓடிப்போக முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே இன்னொரு சங்கிலியை எங்கள் காலில் பூட்டாதீர்கள். யார் தலைவர், எந்த நிறச் சட்டை, மேடையில் யார் படம் என்பதில் இறங்காதீர்கள். ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த குழுக்களைக் கண்டுபிடித்து, அவர்களைச் சேர்த்தே பதிவு செய்து, சேர்த்தே அழையுங்கள். நீலகிரிக் குழுவுக்கு அழைப்புப் போகும்போது நிலம்பூர்க் குழுவுக்கும் அதே நிமிடத்தில் போகட்டும்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன், மே மாதத்தில் இரு ஆணையங்களின் அதிகாரிகளும் நீலகிரி, வயநாடு, மலப்புறம் ஆகிய மூன்று மாவட்டங்களின் தன்னார்வலர் குழுக்களும் ஒருநாள் கூடிப் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஒத்திகையும் வைத்துக்கொள்ளலாம். மழைக்கு முன் மண் இளகியிருக்கும் சரிவுகள் எவை என்று காட்ட எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கூடலூரில் ஒரு திருமண மண்டபத்துக்காரர் வாடகை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார். அக்டோபருக்கு முன் இதேபோன்ற கூட்டத்தை நாகையில் நடத்துங்கள். அதற்குக் கேரளத்திலிருந்து யார் யார் வருவார்கள் என்ற பட்டியலை எங்கள் மலப்புறத்து நண்பர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தேதியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கூடலூர்த் தன்னார்வலர் ஒருவர்
நீலகிரி மாவட்டம்